எல்லாம் தமிழ்தானே என்று நம்பி வராதே

திருவாரூரிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறாள்: “பிளஸ் டூ முடித்துவிட்டு ஆகஸ்டில் சிங்கப்பூருக்குப் பொறியியல் படிக்க வருகிறேன். அங்கே எல்லாம் தமிழ்தானே, பழகிக்கொள்ள என்ன இருக்கிறது என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கு மட்டும் உள்ளூர ஒரு பயம். எதற்கெல்லாம் தயாராக வேண்டும், அக்கா?”

உன் பயத்தில் நியாயம் இருக்கிறது. வீட்டார் சொல்வதில்தான் ஓட்டை. 2003ஆம் ஆண்டு மன்னார்குடியிலிருந்து நான் கிளம்பியபோது என் அப்பாவும் இதையேதான் சொன்னார். “கடல் தாண்டிப் போவதாக நினைக்காதே, கும்பகோணம் போவதாக நினைத்துக்கொள்” என்றார். அதை நம்பி வந்து முதல் ஆறு மாதம் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. நான்கு ஆண்டு படிப்பு, கல்விக் கட்டண மானியம் வாங்கியதற்காக மூன்று ஆண்டு ஒப்பந்த வேலை, பிறகு கல்யாணம், குழந்தைகள் என்று இங்கேயே வேர்விட்டுவிட்டேன். ஆண்டுதோறும் ஆகஸ்டில் வந்து இறங்கும் பிள்ளைகள் சிலரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுவது எங்கள் வழக்கம். சிரித்துக்கொண்டே வந்து சாப்பிட்ட அதே பிள்ளைகள் அக்டோபரில் வந்து அழுவதையும் பார்க்கிறேன். அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

ஜெர்மனிக்கோ கனடாவுக்கோ போகிற பிள்ளை, வேற்று நாட்டுக்குப் போகிறோம் என்று மனத்தைக் கட்டிக்கொண்டு போகிறது. குளிரும் மொழியும் சாப்பாடும் வேறாகத்தான் இருக்கும் என்று தெரியும். சிங்கப்பூருக்கு வருகிறவளுக்கு அந்த முன்னெச்சரிக்கை இல்லை. நான்கு மணி நேரத்தில் விமானம் இறங்கிவிடுகிறது. வெளியே வந்தால் நம் ஊர்ப் புழுக்கம். கையில் வாங்கிய நோட்டில் ‘சிங்கப்பூர்’ என்று தமிழில் அச்சடித்திருக்கிறது. கட்டட வேலை நடக்கிற இடத்து வேலியில் ‘அபாயம்’ என்று சிவப்பு எழுத்து. லிட்டில் இந்தியா வட்டாரத்தில், நம்மவர்கள் சொல்லும் தேக்காவில், முழம் போட்டுப் பூ கட்டுகிறார்கள். அட, நம் ஊர்தான் என்று மனம் சொல்லிவிடுகிறது. அங்கேதான் இடறுகிறோம்.

தமிழ் இங்கே நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. பலகையிலும் வானொலியிலும் நாடாளுமன்றத்திலும் அதற்கு இடம் உண்டு. ஆனால் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சேர்ந்த மக்களில் இந்திய வம்சாவளியினர் சுமார் 9 விழுக்காடு. வீட்டில் பெரும்பாலும் தமிழே பேசுவதாகச் சொன்னவர்கள் 2.5 விழுக்காடு. நாற்பது பேரில் ஒருவர். பலகையைப் படித்துவிட்டுப் பக்கத்தில் நிற்பவரிடம் தமிழில் பேச்சுக் கொடுத்தால் பதில் வராது.

பதில் வருகிற இடத்திலும் கவனம் வேண்டும். இதைத்தான் யாரும் எனக்குச் சொல்லவில்லை, ஆகவே இதை முதலில் சொல்கிறேன். முதல் வாரம் விரிவுரைக் கூடத்தில் எனக்கு இரண்டு இருக்கை தள்ளி ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் சின்னக் கறுப்புப் பொட்டு, நோட்டின் மேல் தமிழ்ப் பெயர். எனக்கு உயிர் வந்தது. “நீங்கள் எந்த ஊர்?” என்று தமிழில் கேட்டேன். “சிங்கப்பூர்” என்றாள். “அது சரி, சொந்த ஊர்?” “சிங்கப்பூர்தான்.” “இல்லை, அப்பா அம்மாவுக்கு?” அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். “என் பாட்டி பிறந்ததே இங்கே செம்பவாங்கில்” என்றாள். அந்த வாரம் முழுவதும் அவள் என் பக்கம் திரும்பவில்லை. நான் என்ன தப்பாகக் கேட்டேன் என்று இரவெல்லாம் யோசித்தும் எனக்கு விளங்கவில்லை. நம் ஊரில் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் கேட்கிற முதல் கேள்விதானே அது?

பின்னால் நெருங்கிப் பழகியபோது அவளே சொன்னாள். சின்ன வயதிலிருந்து டாக்சியிலும் கடையிலும் “இந்தியாவிலிருந்து எப்போது வந்தாய்?” என்று கேட்டுக் கேட்டு அவளுக்குப் புண்ணாகியிருந்தது. பிறந்த நாட்டிலேயே வந்தேறியாகப் பார்க்கப்படுகிற வலி அது. அதே கேள்வியை நானும் கேட்டதில் புண்ணில் கோல் பட்டுவிட்டது. இன்னொன்றும் சொன்னாள். இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் தன் தமிழைக் கேட்டுச் சிரிப்பார்கள் என்று அவளுக்கு ஒரு கூச்சம். பள்ளியில் பத்து ஆண்டு தமிழ் படித்தவள். ஆனால் மற்றப் பாடமெல்லாம் ஆங்கிலத்தில். தமிழ் அவளுக்கு ஒரு பாட வேளையும் பாட்டியின் மடியும். அப்படியிருந்தும் அவள் அதை விடாமல் வைத்திருக்கிறாள் என்று மதிக்க வேண்டியவள் நான். அவள் ‘பசியாறிவிட்டாயா?’ என்று கேட்டபோது, இது என்ன பேச்சு என்று நானும் சிரித்தேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. பசியாறுவது எவ்வளவு அழகான சொல்! சாப்பிட்டாயா என்று கேட்பதைவிட ஒருபடி மேலான பரிவு அதில் இருக்கிறது.

இந்த ஊர்த் தமிழர்களின் கதை நம் விமானம் இறங்கிய நாளில் தொடங்கவில்லை. 1819இல், சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியிருப்பை நிறுவிய ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்தவர் நாராயண பிள்ளை. அவர் முயற்சியில் 1827இல் எழுந்த மாரியம்மன் கோயில் இன்றும் சவுத் பிரிட்ஜ் சாலையில், சைனாடவுன் நடுவில் நிற்கிறது. தமிழ் முரசு நாளிதழ் 1935இல் தொடங்கியது. துறைமுகத்திலும் சாலையிலும் கடற்படைத் தளத்திலும் உழைத்தவர்கள், யாழ்ப்பாணத்திலிருந்து அலுவலக வேலைக்கு வந்தவர்கள், வட்டிக்கடை வைத்த செட்டியார்கள், தமிழ் முஸ்லிம் வணிகர்கள் என்று பல ஓடைகள் கலந்த சமூகம் இது. தீபாவளிக்கு இங்கே பொது விடுமுறை உண்டு, பொங்கலுக்குக் கிடையாது. தைப்பூசத்துக்கு இருந்த விடுமுறையும் 1968இல் போய்விட்டது. ஆனாலும் விடுப்பு எடுத்துக்கொண்டு காவடி எடுக்கிறார்கள். அது அவர்கள் கட்டிக் காத்த வீடு. அந்த வீட்டுக்குள் நாம் விருந்தாளியாகத்தான் நுழைகிறோம். நாம்தான் மூலவர், இவர்கள் கிளை என்கிற நினைப்போடு வருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இங்கே நண்பர்கள் அமைவதில்லை.

அதே தோழி அடுத்த ஆண்டு தீபாவளிக்கு வீட்டுக்கு அழைத்தாள். அடுக்குமாடி வீட்டு நடைபாதையில் கோலம். மேசையில் முறுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிச் சாடி நிறைய அன்னாசிப்பழ ஜாம் வைத்த பிஸ்கட். மலாய்க்கார அண்டை வீட்டு அம்மாவோடு பாட்டி மலாயில் சளசளவென்று பேசிக்கொண்டிருந்தார். வந்த சீனப் பிள்ளைகளின் கையில் ஊதா நிற உறையில் பணம் வைத்துக் கொடுத்தார். ஆட்டுக்கறிக் குழம்புக்குத் தொட்டுக்கொள்ள சம்பால் என்கிற மிளகாய் விழுது. இதெல்லாம் தமிழ் வீடுதான். மன்னார்குடி வீடு இல்லை. எனக்கு அன்றைக்குத்தான் இந்த ஊர் கொஞ்சம் பிடிபட்டது.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ‘நீங்கள் என்ன ஆட்கள்?’ என்று சுற்றி வளைத்துச் சாதி விசாரிக்கிற பழக்கத்தை விமானம் ஏறும் முன்பே விட்டுவிட்டு வா. நம்மவர்கள் இங்கே வந்தும் பெயரையும் ஊரையும் வைத்து அதைத் துழாவுகிறார்கள். கேட்கப்படுகிற பிள்ளைக்கு அது எவ்வளவு அருவருப்பாக இருக்கும் என்று கேட்கிறவர்களுக்குத் தெரிவதில்லை.

இனி பேச்சு. இங்கே வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும்; வகுப்புக்கு வெளியே நடப்பது சிங்கிலீஷ், இந்த ஊருக்கே உரிய பேச்சு ஆங்கிலம். முதலில் கேட்டால் ஆங்கிலத்தை உடைத்துப் போட்டதுபோல இருக்கும். கொஞ்சம் காது கொடுத்தால் தமிழ் தெரிந்தவளுக்கு அது சுலபம் என்பது என் அனுபவம். ‘செவ்வாய்க்கிழமை வர முடியுமா?’ என்றால் நாம் ‘ஆம்’ என்றா சொல்கிறோம்? ‘முடியும்’ என்கிறோம். இவர்களும் அப்படியே: ‘கேன்?’ என்றால் ‘கேன்’, முடியாவிட்டால் ‘கேனாட்’. சொல்லின் வாலில் நாம் ‘ப்பா’, ‘ம்மா’ என்று சேர்த்து இளக்குகிறோம். இவர்கள் ‘லா’ என்று சேர்த்து இளக்குகிறார்கள். ஆனால் வந்த முதல் வாரமே ‘லா’ போட்டுப் பேச முயலாதே. கேட்கிறவர்களுக்கு அது கிண்டலாகப் படும். அது தானாக நாவில் வந்து உட்காரும், அப்போது வரட்டும்.

நாக்கைவிடத் தலைதான் என்னைக் காட்டிக்கொடுத்தது. குழுவாகச் செய்யும் வேலைக்கு நாங்கள் ஐந்து பேர். எப்போது கூடலாம் என்று பேசும்போது “செவ்வாய் கேன்?” என்று ஒருவன் கேட்டான். நான் நம் ஊர்ப் பழக்கத்தில் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். சரி என்று அர்த்தம். அவன் ‘சரி, செவ்வாய் வேண்டாம்’ என்று புதன்கிழமைக்கு மாற்றிவிட்டான். புதன்கிழமை எனக்கு ஆய்வுக்கூட வேலை. மறுத்துச் சொல்லக் கூச்சப்பட்டு, மீண்டும் தலையை ஆட்டினேன். புதன்கிழமையும் வேண்டாம் என்று எழுதிக்கொண்டான்! வாயைத் திறந்து சொல்லிப் பழகு. அதைவிட முக்கியம், முடியாததை முடியாது என்று சொல்வது. முகத்துக்கு நேரே மறுப்பது மரியாதையில்லை என்று நாம் வளர்ந்திருக்கிறோம். ‘பார்க்கிறேன்’ என்று சொன்னால் நம் ஊரில் அது பாதி மறுப்பு என்று எல்லாருக்கும் தெரியும். இங்கே அது வாக்குறுதி. வேலை முடியாமல் நீ போய் நின்றால், மற்ற நால்வரின் மதிப்பெண்ணும் உன்னோடு சேர்ந்து குறையும். பல பாடங்களில் குழுவினரே ஒருவரை ஒருவர் மதிப்பிட்டு மதிப்பெண் போடுவார்கள்.

குழுவில் மற்றவர்கள் சீனத்தில் பேசத் தொடங்கிவிடுவார்கள். நாலு பேருக்கு ஒரே மொழி இருந்தால் நாக்கு அங்கே போகும். நாம் மூன்று தமிழர் கூடினால் நடுவில் இருக்கும் நான்காவது ஆளை மறந்துவிடுவதில்லையா, அப்படித்தான். என்னை ஒதுக்குகிறார்கள் என்று நான் ஒரு செமஸ்டர் முழுக்க மனத்தில் வைத்துக் குமைந்தேன். ஒரு நாள் “எனக்குப் புரியவில்லை, ஆங்கிலத்தில் பேசலாமா?” என்று கேட்டேன். உடனே மன்னிப்புக் கேட்டு மாறினார்கள். பத்து நிமிடத்தில் மறந்து சீனத்துக்குப் போனார்கள், மறுபடியும் கேட்டேன். கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

உன்னோடு படிக்கிற உள்ளூர்ப் பையன்கள் உன்னைவிட இரண்டு, மூன்று வயது மூத்தவர்களாக இருப்பார்கள். 1967 முதல் இங்கே ஆண்பிள்ளைகளுக்குத் தேசிய சேவை கட்டாயம். இப்போது முழுநேரமாக இரண்டு ஆண்டு சீருடை போட்டுவிட்டுத்தான் பல்கலைக்கழகத்துக்கு வருகிறார்கள். அவர்கள் பேச்சில் முகாமும் அணிவகுப்பும் நிறைய வரும். உனக்கு ஒன்றும் புரியாது. கேள், ஆசையாகச் சொல்வார்கள்.

பேராசிரியர் வகுப்புக்குள் வரும்போது யாரும் எழுந்து நிற்க மாட்டார்கள். டுடோரியல் என்கிற சிறு வகுப்பில் வாய் திறந்து பேசுவதற்கே மதிப்பெண் உண்டு. சரியான விடை தெரிந்த பிறகுதான் கை தூக்குவேன் என்று நான் காத்திருந்தேன். பக்கத்தில் ஒருவன் தப்பான விடையை உரக்கச் சொன்னான். ஆசிரியர் அதையே பிடித்துக்கொண்டு, ஏன் தப்பு, எங்கே வழி மாறுகிறது என்று அரை மணி நேரம் பலகையில் எழுதினார். என் நோட்டில் சரியான விடை எழுதியிருந்தது. அதை யாருமே பார்க்கவில்லை. இங்கே பள்ளி முடித்த பிள்ளைகளிலும் கூச்சக்காரர்கள் நிறைய உண்டு, நீ தனி ஆள் இல்லை. வாரத்துக்கு ஒரு வாய்ப்பேச்சு என்று கணக்கு வைத்துத் தொடங்கு.

பெயர் விஷயம். விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் கேட்ட கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டுவிட்டேன். விளைவு, முதல் செமஸ்டர் முழுக்க என்னை ‘கோவிந்தராஜன்’ என்று கூப்பிட்டார்கள். அப்பாவின் பெயரைச் சொல்லி என்னை அதட்டும்போது உள்ளுக்குள் ஒரு பதற்றம். இங்குள்ள தமிழர்கள் பலர் ‘இன்னாரின் மகள்’ என்றே அடையாள அட்டையில் பதிந்திருப்பார்கள், அதனால் உள்ளூர் ஆசிரியர்களுக்குச் சொன்னால் புரியும். முதல் நாளே சொல்லிவிடு: என்னை இப்படிக் கூப்பிடுங்கள் என்று.

சாப்பாட்டைப் பற்றி வீட்டில் அதிகம் கவலைப்படுவார்கள். அது சீக்கிரம் சரியாகிவிடும். நீ சைவம் என்றால் மட்டும் கொஞ்சம் விழிப்பு வேண்டும். கீரை வதக்கல் என்று கண்ணுக்குத் தெரிவதில் சிப்பி சாஸ் இருக்கும், இறால் விழுது இருக்கும், மேலே பொடி நெத்திலி தூவியிருக்கும். ‘இறைச்சி இல்லாமல்’ என்று கேட்டால் மீனை இறைச்சியாகக் கணக்கில் எடுக்காதவர்கள் உண்டு. மீன், இறால், முட்டை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேள். பௌத்த சைவக் கடைகள் பல உணவங்காடிகளில் இருக்கின்றன. அங்கே கறி போலவே தோன்றுவது சோயாவும் கோதுமைப் புரதமும். பார்த்துப் பயந்துவிடாதே.

உணவங்காடி இந்த ஊரின் நடுக்கூடம். 2020இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் அதைச் சேர்த்தது. அங்கே நடந்துகொள்ளும் முறையை யாரும் எழுதி ஒட்டுவதில்லை. நான் வந்த மூன்றாம் நாள், மதியக் கூட்டத்தில் ஒரு மேசை காலியாக இருந்தது. மேலே ஒரு சின்ன டிஷ்யூ பாக்கெட். யாரோ மறந்துவிட்டார்கள் என்று ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன். ஆவி பறக்கும் நூடுல்ஸ் கிண்ணத்தோடு ஓர் அம்மா வந்து நின்றார். பாக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிண்ணம் சுடச் சுட, கையை மாற்றி மாற்றி வேறு இடம் தேடிப் போனார். டிஷ்யூ பாக்கெட் வைத்தால் இடம் பிடித்தாகிவிட்டது என்று அர்த்தம், ‘சோப்’ என்பார்கள். நம் ஊர்ப் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிறோமே, அதேதான். சாப்பிட்டு முடித்ததும் தட்டை நீயே கொண்டுபோய் வை. 2021 செப்டம்பர் முதல் அதை நடைமுறைப்படுத்துகிறார்கள், எச்சரித்தும் கேட்காதவர்களுக்கு அபராதம் உண்டு. தட்டு வைக்கும் இடத்தில் ஹலாலுக்குத் தனி அடுக்கு இருக்கும். அதைக் கலந்துவிடாதே. முஸ்லிம் நண்பர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

தேநீர்க் கடையில் ‘தே’ என்றால் கெட்டிப் பால் ஊற்றிய இனிப்புத் தேநீர். ‘தே ஓ’ என்றால் பால் இல்லை. ‘கோசோங்’ சேர்த்தால் சர்க்கரையும் இல்லை. ‘பெங்’ என்றால் ஐஸ். ‘தே ஓ கோசோங் பெங்’ என்கிற நான்கு சொல்லில் ஹொக்கியன் என்கிற சீனப் பேச்சுமொழியும் மலாயும் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. எங்கள் விடுதிக்குக் கீழே கடை வைத்திருந்த சீனத் தாத்தா, “என்ன வேண்டும், சீக்கிரம்!” என்று அதட்டுவதுபோலவே கேட்பார். என் மேல் கோபம் என்று நினைத்து ஒரு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. மறுபடி போனபோது, நான் வாய் திறக்கும் முன்பே “தே, சீனி கம்மி” என்று என் கணக்கைச் சொல்லி எடுத்து நீட்டினார். அவர் பேச்சே அப்படித்தான். முன்பின் தெரியாத பெரியவர்களை இங்கே எல்லாரும் ‘அங்கிள்’, ‘ஆன்ட்டி’ என்றே கூப்பிடுவார்கள். நாம் அண்ணாச்சி, ஆச்சி என்பதைப்போலத் தாராளமாகக் கூப்பிடு.

நீ வருவது ஆகஸ்டு என்பதால் இதையும் சொல்ல வேண்டும். சீனர்களின் ஏழாம் மாதம் பெரும்பாலும் ஆகஸ்டு, செப்டம்பரில் விழும். விடுதிக்குப் போகிற வழியில், புல் ஓரத்தில், தரையில் சோறும் ஆரஞ்சுப் பழமும் சின்னக் கோப்பையில் தேநீரும் வைத்திருக்கும், ஊதுபத்தி புகைந்துகொண்டிருக்கும், தகரப் பீப்பாயில் காகிதப் பணம் எரியும், சாம்பல் உன் துணியில் வந்து விழும். குப்பை என்று நினைத்து மிதித்துவிடாதே. போட்டோ எடுக்காதே. அது இறந்தவர்களுக்குப் படைத்தது. அமாவாசைக்கு நம் அம்மா காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுக் கைகூப்பி நிற்கிற அதே மனம்தான் அங்கேயும் குனிந்து வைத்துவிட்டுப் போகிறது. அந்த மாதத்தில் தெருவோரம் மேடை போட்டுப் பாட்டுக் கச்சேரி நடக்கும். முன் வரிசை நாற்காலிகள் காலியாக இருக்கும். அங்கே போய் உட்காராதே. அது ஆவிகளுக்கு விட்ட இடம்.

சட்டத்தைப் பற்றி அதிகம் பயமுறுத்த மாட்டேன், சூயிங்கம் தடைக் கதையெல்லாம் நீயே கேட்டிருப்பாய். ரயிலில் தின்னாதே, குடிக்காதே, தண்ணீர் உட்பட. மின்சிகரெட்டைக் கையில் வைத்திருப்பதே குற்றம். நம் பிள்ளைகள் அறியாமல் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். நாம் ஊர்வலமும் மறியலும் பார்த்து வளர்ந்தவர்கள். நியாயம் கேட்கத் தெருவில் இறங்குவது நமக்கு இயல்பு. இங்கே அனுமதி இல்லாமல் ஒரே ஒருவர் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாலும் சட்டம் பாயும். ஹாங் லிம் பூங்காவில் பேச இடம் உண்டு, ஆனால் அங்கே நடக்கும் போராட்டக் கூட்டத்தில் வெளிநாட்டு மாணவர்கள் கலந்துகொள்ளக் கூடாது. நம் ஊர் அரசியலுக்காக என்றாலும் அப்படியே. இனத்தையும் மதத்தையும் பற்றி விளையாட்டாக ஒரு வரி எழுதினாலும் அது விளையாட்டாக முடியாது.

நான் வந்த ஆண்டுதான் லிட்டில் இந்தியா பெருவிரைவு ரயில் நிலையம் திறந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை அந்தப் படியேறி வெளியே வந்தபோது, தெரு கொள்ளாத கூட்டம். எல்லாரும் ஆண்கள், எல்லாரும் தமிழும் வங்காளமும் பேசுகிறார்கள். கட்டட வேலைக்கும் கப்பல் பட்டறைக்கும் வந்த தொழிலாளர்கள். வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வில் ஊருக்குப் பணம் அனுப்பவும் நண்பனைப் பார்க்கவும் வருகிறார்கள். என்னோடு வந்த மாணவி ஒருத்தி, “இங்கே நிற்க வேண்டாம், நம்மையும் இவர்களோடு சேர்த்துவிடுவார்கள்” என்றாள். அந்தச் சொல் இன்னும் என் காதில் இருக்கிறது. படிக்க வந்தவர்களுக்கு இங்கே வருகிற முதல் நோய் இதுதான். நாம் தூங்குகிற விடுதியின் சுவரைக் கட்டியவர், நம் மாவட்டத்துக்காரராகவே இருக்கலாம். அன்றைக்குச் சாமான் பையோடு வழி தெரியாமல் நின்ற என்னை ரயில் நிலையம் வரை கொண்டுவந்து விட்டவர் பட்டுக்கோட்டைப் பக்கத்து அண்ணன் ஒருவர். பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். “நன்றாகப் படியுங்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். அவர்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பாதே. ஒரு வணக்கம் சொல்.

முகத்தைத் திருப்பிக்கொள்பவர்களை நீயும் சந்திப்பாய். பஸ்ஸில் உன் பக்கத்து இருக்கை கடைசிவரை காலியாக இருக்கும் நாள் வரும். விடுதியை விட்டு வெளியே அறை தேடும்போது, விசாரித்த மாத்திரத்தில் இந்தியர்களுக்கு இல்லை என்று சொல்கிறவர்களும், சமைக்கக் கூடாது என்று சொல்கிறவர்களும் உண்டு. எனக்கு மூன்று வீட்டில் நடந்தது. நான்காவது வீட்டில் ஒரு சீன மூதாட்டி, சமையலறையைத் திறந்து காட்டி, “ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு தாளி” என்று ஆங்கிலமும் மலாயும் கலந்து சொன்னார். இரண்டும் இதே ஊர்தான். முதல் ஆண்டு விடுதியிலேயே இருந்துவிடு, அவசரப்பட்டு வெளியே போகாதே.

அக்டோபர் அழுகை என்று முதலில் சொன்னேனே, அதற்கு வருகிறேன். மானுடவியலாளர் கலெர்வோ ஓபெர்க் 1960இல் பண்பாட்டு அதிர்ச்சியைப் பற்றி எழுதியபோது, புது நாட்டுக்குப் போகிறவர்கள் முதலில் மயங்கி, பிறகு வெறுத்து, பிறகு மெல்லத் தேறி, கடைசியில் பழகுவதாகச் சொன்னார். நம் பிள்ளைகளுக்கு அந்த மயக்கம் நீளம். இட்லியும் கோயிலும் கையெட்டும் தூரத்தில் இருப்பதால் இரண்டு மாதம் ஓடிவிடும். அதற்குள் முதல் தேர்வு மதிப்பெண் வரும். பள்ளியில் முதலாவதாக வந்தவள் இங்கே நடுவில் நிற்பாள், ஏனென்றால் எல்லாரும் எங்கோ ஓர் ஊரில் முதலாவதாக வந்தவர்கள். அந்த நேரம் பார்த்துத் தீபாவளி வரும். ஒரு நாள் விடுமுறை, மறுநாள் ஒப்படைக்க வேண்டிய வேலை. ஊரில் எல்லாரும் புதுத்துணியோடு வீடியோவில் தெரிவார்கள். இங்கே நேரம் இரண்டரை மணி முன்னால். அங்கே இரவு ஒன்பதரைக்குச் சாப்பாடு முடித்து அம்மா கூப்பிடும்போது இங்கே பன்னிரண்டு. தூக்கக் கலக்கத்தில் சரியாகப் பேசாமல் வைத்துவிட்டு, அப்புறம் விடிய விடிய அழுவோம்.

அந்த வாரம் தனியாக அறையில் இருக்காதே. பல்கலைக்கழகத்தில் மன ஆலோசகர்கள் இருக்கிறார்கள். போய்ப் பார்ப்பது பைத்தியத்துக்கு வைத்தியம் இல்லை, காய்ச்சலுக்கு டாக்டரிடம் போவதைப் போன்றதுதான். நான் போனேன். வீட்டில் சொல்லவில்லை; சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. மாணவர்களின் தமிழ் அமைப்பில் சேர், நல்லது. ஆனால் அதில் மட்டும் சேராதே. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நால்வரோடே நான்கு ஆண்டையும் கழித்துவிட்டு, சீன நண்பர் ஒருவர்கூட இல்லாமல் பட்டம் வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். தமிழோடு சம்பந்தமே இல்லாத ஒன்றிலும் சேர்ந்துகொள். நான் டிராகன் படகில் துடுப்புப் போட்டேன். இருபது பேர் ஒரே தாளத்தில் துடுப்பு வலிக்கும்போது, யாருக்கு யார் பேச்சு புரிகிறது என்கிற கேள்வியே எழாது.

கொண்டுவர வேண்டியவற்றைக் கேட்கவில்லை, ஆனாலும் ஒன்று: கனமான ஒரு ஸ்வெட்டர். வெளியே வேர்த்துக் கொட்டும், விரிவுரைக் கூடத்தில் ஏசி எலும்பைத் துளைக்கும். நான் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு முதல் வாரத்தை ஓட்டினேன். ஊறுகாய் இங்கேயே கிடைக்கும், பெட்டியில் அந்த இடத்தை ஸ்வெட்டருக்கு விடு. கிளம்பும் முன் அம்மாவோடு உட்கார்ந்து, இங்கே ஒன்பது மணி என்றால் அங்கே ஆறரை என்று கணக்குப் பார்த்து, இருவருக்கும் தோதான ஒரு வேளையை முடிவுசெய்துவிட்டு வா.